நோயாளியின் பக்கத்தில் ஒரு குரல்: நாம் மறந்துபோன ஒரு வரலாறு



இது கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை ஒரு மையித்து வீட்டில் இருந்தோம். முற்றத்துக் கதிரைகளில் நாலைந்து பேர். கதை எங்கெங்கோ போய், நமது ஊரில் மூன்று மாதமாக அறையை விட்டு வெளியே வராமல் கிடக்கும் ஒரு பிள்ளையைப் பற்றி வந்தது. வயதில் மூத்த ஒருவர் சொன்னார்: "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய் என்ன செய்யப் போறாங்க? குளிசையைக் குடுத்துத் தூங்க வைப்பாங்க. நல்லா ஓதத் தெரிஞ்ச ஒராளிட்டக் காட்டினாப் போதும்." பக்கத்தில் இருந்த ஒரு தம்பி, கெம்பஸ் முடித்தவர், சிரித்துவிட்டார். "இந்தக் காலத்திலயும் ஓதுற, ஊதுற கதையா காக்கா? அதெல்லாம் படிக்காத ஆக்கள்ர வேல."

இருவருக்கும் இடையில் நாங்கள் வாய் திறக்கவில்லை. மையித்து வீட்டில் வாதம் வேண்டாம் என்று நினைத்தோம். ஆனால் வீடு வந்த பிறகும் மனம் ஆறவில்லை. வருடக்கணக்காக வரலாறு படிப்பிக்கிறோம். அந்த இரண்டு பேரும் சொன்னது இரண்டுமே நமது வரலாறு இல்லை என்று சொல்லத் தெரிந்தும் சொல்லாமல் வந்துவிட்டோம். அந்தக் கடனைத்தான் இங்கே அடைக்கிறோம்.

நமது முன்னோர் மருந்தையும் குரலையும் இரண்டு கட்சியாகப் பிரிக்கவில்லை. நோயாளிக்கு ஒரு பக்கம் வைத்தியரை வைத்தார்கள். மறுபக்கம் ஒரு மனிதக் குரலை வைத்தார்கள். இரண்டுக்கும் செலவழிக்க வக்ஃபும் வைத்தார்கள்.

முதலில் நமக்குப் பழக்கமான இடத்திலிருந்து தொடங்குவோம். நமது வீட்டில் ஒரு பிள்ளை பிறந்தால், அதன் காதில் பாங்கு சொல்கிறோம். ஒருவர் ஸக்ராத்தில் கிடந்தால், அவரது காதருகே கலிமா சொல்லிக் கொடுக்கிறோம். வருகிறபோதும் ஒரு குரல், போகிறபோதும் ஒரு குரல். இடையில் காய்ச்சல் வந்தால் உம்மா தலையில் கை வைத்து ஓதி ஊதுவா. இதெல்லாம் எங்கிருந்து வந்தது? நபி (ஸல்) அவர்கள் சுகவீனப்படும்போது, பாதுகாப்புத் தேடும் சூறாக்களை ஓதித் தம்மீது ஊதிக்கொள்வார்கள் என்றும், கடைசி நோயில் ஆயிஷா (ரலி) அவர்கள் அதை ஓதி நபியவர்களின் கையாலேயே அவர்களைத் தடவிவிட்டார்கள் என்றும் புகாரியில் இருக்கிறது. மூச்சும் ஓதலும் தொடுகையும் அங்கே சேர்ந்தே வருகின்றன.

அதே நபியவர்கள்தான், மருந்து செய்யலாமா என்று கேட்ட கிராமத்து மக்களிடம், செய்யுங்கள், அல்லாஹ் நிவாரணம் வைக்காமல் நோயை வைக்கவில்லை என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். ஸஅத் (ரலி) அவர்கள் சுகமில்லாமல் இருந்தபோது, நபியவர்கள் பார்க்கப் போய் அவரது நெஞ்சில் கை வைத்தார்கள். பிறகு, ஸகீஃப் கோத்திரத்து வைத்தியரான ஹாரிஸ் இப்னு கலதாவிடம் போகச் சொன்னார்கள். அபூதாவூதில் வரும் செய்தி இது. நெஞ்சில் கை வைத்ததோடு நிற்கவில்லை. வைத்தியரிடம் அனுப்பியதால் கை வைக்காமல் விடவும் இல்லை. இன்று நாம் இதில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு சண்டை பிடிக்கிறோம்.

அடுத்து பக்தாதுக்குப் போவோம். ஒன்பதாம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்தவர் அல்கிந்தி. தத்துவம், கணிதம், மருந்து அளவு என்று பல துறைகளில் எழுதியவர். இசையின் கணக்கைப் பற்றியும் நூல்கள் எழுதினார். அவரைப் பற்றிய ஒரு கதையை, முந்நூறு வருடங்களுக்கும் மேல் கழித்து இப்னுல் கிஃப்தீ என்ற வரலாற்றாசிரியர் எழுதி வைத்திருக்கிறார். கதை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதைச் சொன்ன விதத்தில் பாடம் இருக்கிறது.

அல்கிந்தியின் அயலில் ஒரு பெரிய வியாபாரி. அல்கிந்தியைக் கண்டாலே அவருக்கு ஆகாது. அந்த வியாபாரியின் கொடுக்கல் வாங்கல் முழுவதையும் அவரது மகன்தான் பார்த்தான். ஒரு நாள் மகன் திடீரென்று விழுந்து பேச்சு மூச்சில்லாமல் ஆகிவிட்டான். யார் யாரிடம் என்ன பாக்கி என்பதுகூட வாப்பாவுக்குத் தெரியாது. பக்தாத் வைத்தியர்கள் எல்லோரும் கைவிட்ட பிறகு, வேறு வழியில்லாமல் அல்கிந்தியைக் கூப்பிட்டார்கள். அவர் நாடியைப் பார்த்தார். ஊத் வாசிக்கத் தெரிந்த தமது மாணவர்கள் நான்கு பேரை வரவழைத்து, தலைமாட்டில் இருந்து ஒரு குறிப்பிட்ட முறையில் வாசிக்கச் சொன்னார். கையை நாடியிலிருந்து எடுக்கவே இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு சீராகியது, நாடி பலப்பட்டது, பையன் அசைந்தான், எழுந்து உட்கார்ந்தான், பேசினான். "கேட்க வேண்டியதை இப்போதே கேளுங்கள்" என்று வாப்பாவிடம் சொன்னார் அல்கிந்தி. கணக்கு வழக்கெல்லாம் எழுதிக்கொண்டார்கள். பிறகு வாசிப்பு தளர்ந்தது, பையன் பழைய நிலைக்கே போய்விட்டான். திரும்பவும் வாசிக்கச் சொல்லும்படி வாப்பா கெஞ்சினார். அல்கிந்தி மறுத்துவிட்டார். அவனிடம் மிச்சமாக இருந்த உயிர்தான் அது, அல்லாஹ் விதித்த ஆயுளைக் கூட்ட எந்த மனிதனாலும் முடியாது என்பது அவர் பதில்.

இந்தக் கதையைத் தொழுகை முடிந்து வந்து மெதுவாக யோசித்துப் பாருங்கள். இதில் ஓசை ஒரு மனிதனைக் கொஞ்ச நேரம் தாங்கிப் பிடிக்கிறது. அவன் சொல்ல வேண்டியதைச் சொல்ல இடம் கொடுக்கிறது. ஆனால் மரணத்தை வெல்லவில்லை. வென்றதாகப் பொய்யும் சொல்லவில்லை. "எங்களிட்ட வந்தா எந்த நோயும் சுகமாகும்" என்று இன்று கைபேசியில் விளம்பரம் போடுகிறவர்களுக்கும் அந்த முன்னோருக்கும் உள்ள தூரத்தை நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

இப்னு ஸீனா (980–1037) பெயரை அறியாதவர்கள் நம்மில் இல்லை. அவரது 'அல்கானூன்' நூலின் வழியில் வந்த யூனானி வைத்தியம் இன்றும் நமது நாட்டில் இருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கப்படுகிறது. நமது ஊர்ப் பரிசாரிமார் நாடி பிடித்ததும் அந்தப் பரம்பரையோடு தொடர்புள்ளதுதான். நாடியின் ஓட்டத்தில் இசையின் அளவுகள் இருப்பதாக அவர் எழுதினார். அதைவிட நமக்கு நெருக்கமான ஒன்று, கைக்குழந்தையை வளர்ப்பது பற்றிய அத்தியாயத்தில் இருக்கிறது. குழந்தையின் உடல்நிலை பலப்பட இரண்டு விடயங்கள் வேண்டும் என்கிறார். ஒன்று மெதுவாக ஆட்டுவது. மற்றது, தூங்க வைக்கத் தாய்மார் வழக்கமாகப் பாடும் பாட்டு. ஆட்டுவது உடலுக்கு, பாட்டு உள்ளத்துக்கு. அதாவது, நமது மூத்தம்மாமார் ஏணையில் பிள்ளையைப் போட்டு ஆட்டிக்கொண்டே பாடிய தாலாட்டு, உலகத்தின் மிகப் பெரிய மருத்துவ நூல் ஒன்றில் பிள்ளை வளர்ப்பின் ஒரு பகுதியாக எழுதப்பட்டிருக்கிறது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் 'இஹ்யா'வில் தொட்டில் பிள்ளையை உதாரணம் காட்டுகிறார்கள். எதையும் விளங்கிக்கொள்ளாத அந்தக் குழந்தை, இனிய குரல் கேட்டால் அழுகையை நிறுத்துகிறது. பாரம் சுமக்கும் ஒட்டகம்கூட, ஓட்டுகிறவரின் பாட்டைக் கேட்டால் களைப்பை மறந்து நடக்கிறது. அப்படி ஒட்டகத்துக்குப் பாடியவர்களில் ஒருவரான அன்ஜஷாவிடம், ஒட்டகங்களில் பெண்கள் இருக்கிறார்கள், மெதுவாகப் போகட்டும் என்ற கருத்தில் நபியவர்கள் சொன்ன ஹதீஸ் உங்களில் பலருக்கும் தெரியும்.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். இசைக்கருவிகள் பற்றி உலமாக்களிடையே பழைய காலம் தொட்டே கருத்து வேறுபாடு உண்டு. அதைத் தீர்க்கும் தகுதி எங்களுக்கு இல்லை, இந்தப் பதிவின் நோக்கமும் அதுவல்ல. தயவுசெய்து கீழே அந்த வாதத்தைத் தொடங்க வேண்டாம். நடந்த வரலாற்றைச் சொல்கிறோம். நமக்கான பாடம் மனிதக் குரலைப் பற்றியது.

இனி வைத்தியசாலைகளுக்கு வருவோம். அந்தக் காலத்தில் அவற்றை 'பீமாரிஸ்தான்' என்றார்கள். 'பீமார்' என்றால் பாரசீகத்தில் நோயாளி. டமஸ்கஸில் நூருத்தீன் 1154ஆம் ஆண்டு ஒன்றைக் கட்டினார். பின்னாளில் கலாவூன் என்ற தளபதி டமஸ்கஸில் நோயுற்றபோது, அந்த வைத்தியசாலை மருந்தால் சுகமானார். தமக்கு ஆட்சி கிடைத்தால் இப்படி ஒன்று கட்டுவதாக நேர்ச்சை வைத்தார். சுல்தானானதும் 1284இல் கெய்ரோவில் கட்டத் தொடங்கினார். ஆண், பெண், ஏழை, பணக்காரர் என்ற பேதம் இல்லாமல் எல்லோருக்கும் அதன் கதவு திறந்திருந்தது. காய்ச்சலுக்கு ஒரு பகுதி, கண்ணுக்கு ஒரு பகுதி என்று இருந்ததுபோல, மனநோயாளருக்கும் ஒரு பகுதி இருந்தது. அலெப்போவில் 1354இல் அர்கூன் அல்காமிலி என்ற ஆளுநர் அமைத்த வைத்தியசாலையில், மனநோயாளரின் அறைகளுக்கு நடுவே சின்ன முற்றமும், அதில் நீர்த்தடாகமும் வைத்தார்கள். அறைக்குள் இருப்பவருக்கு நாள் முழுக்கத் தண்ணீர்ச் சத்தம் கேட்கும்.

இவற்றில் மிகத் தெளிவான விபரம் கிடைப்பது துருக்கியின் எதிர்னே நகரத்து வைத்தியசாலை பற்றித்தான். இரண்டாம் பாயஸீத் சுல்தான் துன்ஜா ஆற்றங்கரையில் 1484இல் தொடங்கி 1488இல் முடித்த கட்டடத் தொகுதி அது. பள்ளிவாசல், மருத்துவ மத்ரஸா, சமையல்கூடம், வைத்தியசாலை எல்லாம் ஒரே வளவுக்குள். பெரிய குவிமாடத்தின் கீழே ஆறு பக்க மண்டபம், நடுவே நீரூற்று, சுற்றிவர நோயாளர் அறைகள். நடுவில் எழும் ஓசை எல்லா அறைக்கும் போகும்.

17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கே போன பயணி எவ்லியா செலபி, தாம் கண்டதை எழுதியிருக்கிறார். நோயாளருக்காக வக்ஃபிலிருந்து பத்துப் பேர் நியமிக்கப்பட்டிருந்தார்கள். அவர்களில் மூன்று பேர் பாடகர்கள், மற்றவர்கள் நெய் என்ற புல்லாங்குழல், ஊத், சந்தூர் போன்றவற்றை வாசிப்பவர்கள். கிழமைக்கு மூன்று தடவை வந்து பாடி, வாசித்துவிட்டுப் போவார்கள். வசந்த காலத்தில் நோயாளருக்கு மணமுள்ள பூக்கள் கொடுத்தார்கள். வைத்தியர் சொன்னபடி கவுதாரி, புறா என்று இறைச்சி சமைத்துக் கொடுத்தார்கள். ஊர் மக்களுக்கும் கிழமையில் குறித்த நாட்களில் இலவச மருந்து.

எவ்லியா இன்னொன்றையும் மறைக்கவில்லை. அங்கே சங்கிலியால் கட்டப்பட்ட நோயாளரும் இருந்தார்கள். ஆகவே, எல்லாமே பொற்காலம் என்று மார்தட்ட நாங்கள் இதை எழுதவில்லை. எந்த மகாம் எந்த நோய்க்கு என்று அவர்கள் போட்ட பட்டியல்களும் அந்தக் காலத்து நாற்குணக் கொள்கையில் நின்றவை. இன்று அவற்றை அப்படியே எடுக்க முடியாது. ஆனால் ஒரு விடயத்தைப் பாருங்கள். நோயாளி பயந்து போயிருக்கிறார், தூக்கமில்லை, அவரது பக்கத்தில் ஒரு நல்ல குரல் வேண்டும் என்று யாரோ ஒருவர் நினைத்திருக்கிறார். நினைத்ததோடு விடாமல் அதற்குச் சம்பளமும் போட்டு எழுதி வைத்திருக்கிறார்.

'வக்ஃப்' என்ற சொல்லை இங்கே கொஞ்சம் கவனியுங்கள். அதன் நேர்ப்பொருள் 'நிறுத்துதல்'. ஒரு சொத்தை விற்காமல், பங்கு வைக்காமல் நிறுத்தி, அதன் வருமானத்தை நன்மைக்கு விடுவது வக்ஃப். குர்ஆன் மத்ரஸாவில் தஜ்வீத் படித்த பிள்ளைகளுக்கு அந்தச் சொல் வேறு வகையில் தெரியும். ஓதும்போது ஓரிடத்தில் நிறுத்தி மூச்செடுப்பதும் வக்ஃப்தான். ஒரே சொல். ஒன்று பணத்தை நிறுத்துவது, மற்றது மூச்சை ஆறவிடுவது. அந்த வைத்தியசாலைகளில் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்திருந்தன.

இனி எங்கள் வீட்டுக் கதை. சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறோம்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு எங்கள் தங்கச்சிக்கு இரண்டாவது பிள்ளை கிடைத்தது. இருபது நாள் போல இருக்கும், அவ ஒரு மாதிரியாகிவிட்டா. தூக்கமில்லை. பிள்ளை அழுதாலும் திரும்பிப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தபடி கண்ணீர் வடிந்துகொண்டே இருக்கும். கேட்டால், "நான் கெட்ட உம்மா" என்பா. அதற்கு மேல் ஒரு சொல் வராது.

கண்ணூறு என்றார்கள். ஜின் என்றார்கள். படித்த குடும்பம், ஆசிரியர் வீடு என்று பெயர். ஆனாலும் நாங்களும்தான் அவவை ஏற்றிக்கொண்டு போனோம், வெளியூரில் 'பார்க்கிற' ஒருவரிடம். அவர் ஓதியது கொஞ்சம். புகை போட்டதும், அதட்டியதும், பிரம்பை நிலத்தில் அடித்ததும்தான் கூட. "இங்கிலீஷ் மருந்து குடுத்தா அது இறங்காது" என்று கட்டளை. நாலு தடவை போனோம். ஒவ்வொரு தடவையும் காசு கூடியது, தங்கச்சியின் குரல் குறைந்தது. கடைசியில் பேச்சே நின்றுவிட்டது. இரண்டு மாதம் வீணாகப் போனது. அந்த இரண்டு மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் எங்களுக்குத் தூக்கம் வராத இரவுகள் உண்டு. அல்லாஹ் மன்னிக்க வேண்டும்.

பிள்ளையின் நிறை பார்க்க வந்த மிட்வைஃப்தான் கண்டுபிடித்தா. எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, "சேர், இது நோய். பிள்ளைப் பேறுக்குப் பிறகு சில தாய்மாருக்கு வாற நோய். ஒரு நாளும் சுணங்க வேணாம்" என்றா. அடுத்த நாளே பெரிய ஆஸ்பத்திரியில் மனநல வைத்தியரிடம் போனோம். அவர் தமிழ் டொக்டர். மருந்து எழுதினார். தவணைக்கு வரச் சொன்னார். பிறகு எங்கள் உம்மாவைப் பார்த்து, "இவவுக்கு ஆரோட நல்ல விருப்பம்?" என்று கேட்டார். "எங்கட உம்மாவோட" என்றா உம்மா. "அப்ப அவவைக் கொண்டு வந்து பக்கத்தில வைங்க. அறிவுரை சொல்ல வேணாம். சும்மா கதைக்கட்டும், ஓதட்டும், பாடட்டும்."

மூத்தம்மாவுக்கு அப்போது எண்பது தாண்டியிருந்தது. கையில் தஸ்பீஹும், மடியில் வெற்றிலைப் பையுமாக வந்து சேர்ந்தா. மஃரிப் தொழுத பிறகு தங்கச்சியின் தலையில் கை வைத்து மெதுவாக ஓதி ஊதுவா. அதட்டல் இல்லை, புகை இல்லை. குளிசையைத் தன் கையாலேயே கொடுப்பா. பிறகு ஏணைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு தாலாட்டுத் தொடங்குவா. அல்லாஹ்வின் பெயர், நபிமார் பெயர், பிள்ளையின் மாமாமார் கொண்டு வரும் சீதனங்கள், வயல், கடல் எல்லாம் அந்தப் பாட்டில் வரும். ஒரு அடியை ஒரே மூச்சில் இழுத்துப் பாடி, நிறுத்தி, மூச்செடுத்து, அடுத்த அடிக்குப் போவா. பிள்ளை அரை மணித்தியாலத்தில் தூங்கிவிடும். மூத்தம்மா நிறுத்த மாட்டா. எங்களுக்குப் பிறகுதான் விளங்கியது: தாலாட்டு பிள்ளைக்கு இல்லை. தாய்க்கு.

மூன்றாவது கிழமை ஒரு இரவு, மூத்தம்மா ஒரு அடியின் முடிவில் இருமலால் நின்றுவிட்டா. அந்த அடியின் கடைசி இழுப்பை இருட்டில் வேறு ஒரு குரல் முடித்தது. தங்கச்சியின் குரல். இரண்டு மாதத்துக்குப் பிறகு கேட்ட குரல். உம்மா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய் அழுதா.

மருந்து வேலை செய்தது. அதில் சந்தேகம் வேண்டாம். ஏறக்குறைய ஒரு வருடம் கிளினிக் போனா, டொக்டர் சொன்ன பிறகுதான் நிறுத்தினா. ஆனால் மருந்து உடலுக்குள் வேலை செய்த அந்தக் கிழமைகளில், ஒரு மனிதரை இந்தப் பக்கம் பிடித்து வைத்திருந்தது அந்தக் கிழவியின் குரல். எதிர்னேயின் பாடகர்கள் செய்த வேலையை மூத்தம்மா செய்தா. எதிர்னே என்ற பெயர்கூட அவவுக்குத் தெரியாது.

இதை உணர்ச்சிக்காக மட்டும் சொல்லவில்லை. இன்றைய ஆய்வுகளும் அந்தப் பக்கம் பார்க்கத் தொடங்கிவிட்டன. மூச்சை வெளியே விடும் நேரம் நீளும்போது இதயத் துடிப்பு சற்றுத் தணிகிறது. பாடுவதும் இழுத்து ஓதுவதும் நம்மை அறியாமலேயே அதைச் செய்விக்கின்றன. குறுகிய நேரத்தில் மூச்சை எடுத்து, நீண்ட நேரத்தில் விடுகிறோம். 2001இல் ஒரு பிரித்தானிய மருத்துவ இதழில் வந்த இத்தாலிய ஆய்வில், 23 பேரைக் கத்தோலிக்கரின் ஜெபமாலையையும் ஒரு யோக மந்திரத்தையும் ஓதச் செய்தார்கள். இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறு என்ற அளவுக்கு இறங்கியது, இரத்த அழுத்தத்தைச் சீர்படுத்தும் உடலின் இயல்பும் நன்றாக வேலை செய்தது.

இங்கிலாந்தில் பிள்ளைப் பேறுக்குப் பிறகான மனச்சோர்வு அறிகுறிகள் இருந்த 134 தாய்மாரை மூன்று குழுவாகப் பிரித்து ஆய்வு செய்தார்கள். ஒரு குழு பத்துக் கிழமை, பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒன்றாகச் சேர்ந்து பாடியது. மற்றொரு குழு பிள்ளைகளோடு விளையாட்டு வேலைகளில் ஈடுபட்டது. மூன்றாவது குழுவுக்கு வழக்கமான கவனிப்பு. நடுத்தரமான, கடுமையான அறிகுறி இருந்தவர்களில், பாடிய தாய்மார் மற்றவர்களைவிட விரைவாகத் தேறத் தொடங்கினார்கள். 2018இல் இது வெளிவந்தது. கொரோனா காலத்தில், நோய் போன பின்னும் மூச்சுத் திணறல் விடாதவர்களுக்காக, லண்டனில் ஒரு பாடகர் நிறுவனமும் வைத்தியசாலையும் சேர்ந்து ஆறு கிழமைப் பயிற்சி ஒன்றைத் தொடங்கின. மூச்சுப் பழக்கவும் மனதை ஆற்றவும் அவர்கள் தெரிவு செய்த பாட்டு எது தெரியுமா? தாலாட்டு. 150 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2022இல் வந்தது. மனநலம் சார்ந்த வாழ்க்கைத் தரத்திலும், மூச்சுத் திணறலின் சில அம்சங்களிலும் முன்னேற்றம் தெரிந்தது. முழுச் சுகம் என்று அவர்களும் சொல்லவில்லை. அல்கிந்தியும் சொல்லவில்லை.

லண்டனில் தாலாட்டைத் தேடிப் பிடித்து மருந்தோடு வைக்கிறார்கள். நமது ஊரில் என்ன நிலை? மூத்தம்மா மௌத்தாகி ஏழு வருடம். அவவின் தாலாட்டில் எங்கள் தங்கச்சிக்கு நாலு அடி தெரியும், எங்களுக்கு ஒரு அடி. யாரும் எழுதி வைக்கவில்லை, கையில் கைபேசி இருந்தும் யாரும் பதிவு செய்யவில்லை. வெட்டி ஒட்டிய பாட்டுகளை யூடியூபில் போட்டு, பிள்ளையின் முகத்துக்கு நேரே பிடித்துத் தூங்க வைக்கிறோம். நோன்பு இரவுகளில் தஹரா தட்டிப் பாடி எழுப்பும் சஹர் பாவாவின் குரலும் குறைந்துவிட்டது. வயலில் கவி பாடிய தலைமுறை கபுறடிக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

மையித்து வீட்டில் இருந்த அந்த இருவரிடமும் நாங்கள் சொல்ல நினைத்தது இதுதான்.

மூத்தவரே, ஓதுங்கள். பிள்ளையின் தலையில் கை வைத்து, அன்பாக, அவனுக்குக் கேட்கும்படி ஓதுங்கள். அது சுன்னத். ஆனால் அந்த நபியவர்கள் நெஞ்சில் கை வைத்துவிட்டு வைத்தியரிடமும் அனுப்பினார்கள். அடிக்கிற, புகை போடுகிற, மருந்தை நிறுத்தச் சொல்கிற இடத்துக்குக் கொண்டு போகாதீர்கள். நாங்கள் இரண்டு மாதத்தை இழந்தோம். சிலர் பிள்ளையையே இழந்திருக்கிறார்கள்.

தம்பி, நீங்கள் சொல்லும் டொக்டர் வேண்டும்தான். ஆனால் டொக்டருக்கு ஒரு நோயாளியோடு பத்து நிமிடம்தான் கிடைக்கும். மிச்சமுள்ள இருபத்துமூன்று மணித்தியாலம் ஐம்பது நிமிடத்துக்கும் அவன் தனியாகத்தான் கிடக்கிறான். அவனது அறை வாசலில் போய் உட்கார ஒரு ஆள் வேண்டும். சிரிப்பது இலகு. பக்கத்தில் இருந்து ஒரு சூறாவை ஓதுவதற்கோ, சின்ன வயதில் இருவரும் சேர்ந்து பாடிய ஒரு பாட்டை முணுமுணுப்பதற்கோ நேரம் ஒதுக்குவதுதான் கஷ்டம்.

நமது ஊருக்கு மூன்று வேண்டுகோள்.

ஒன்று: உங்கள் வீட்டில் பிள்ளை பெற்ற தாய் இரண்டு கிழமைக்கு மேல் தூங்காமல், அழுதுகொண்டே, பிள்ளையைப் பார்க்காமல் இருந்தால் மிட்வைஃபிடம் சொல்லுங்கள், வைத்தியரிடம் கொண்டு போங்கள். தனக்கோ பிள்ளைக்கோ ஏதாவது செய்துவிடுவேன் என்று பேசினால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் பேசலாம். இதில் வெட்கம் எதுவும் இல்லை. எங்கள் வீட்டிலேயே நடந்தது என்று ஊருக்கே சொல்லிவிட்டோம்.

இரண்டு: உங்கள் வீட்டில் தாலாட்டுத் தெரிந்த மூத்தம்மா, பெரியம்மா, சாச்சி யாராவது இருந்தால் இந்தக் கிழமையே கைபேசியில் பதிவு செய்யுங்கள். "குரல் சரியில்ல மகன்" என்பார்கள். பரவாயில்லை என்று சொல்லிப் பதிவு செய்யுங்கள். எங்கள் பாடசாலையில் தரம் 9 பிள்ளைகளை வைத்து அவற்றை எழுத்தில் கொண்டு வரத் தொடங்கியிருக்கிறோம். பாடியவர் விரும்பாவிட்டால் பெயரும் குரலும் வெளியே போகாது.

மூன்று: பள்ளிவாசல் நிர்வாகத்தினரும் வசதியுள்ளவர்களும் யோசிக்க வேண்டியது. முன்னோர் பாடகருக்குக்கூட வக்ஃப் வைத்தார்கள். கிளினிக் போக பஸ்ஸுக்குக் காசில்லாமல் மருந்தை விட்டவர்கள் நமது ஊரில் இருக்கிறார்கள். ஒரு தென்னந்தோட்டத்தின் வருமானம், ஒரு கடை வாடகை அதற்கென்று நின்றால் போதும்.

தங்கச்சியின் அந்த மகனுக்கு இப்போது பன்னிரண்டு வயது. போன மாதம் அவனுக்குக் கடுமையான காய்ச்சல். டொக்டரிடம் காட்டி, மருந்து கொடுத்து, இரவு பார்க்கப் போனோம். அறை இருட்டு. தங்கச்சி அவனது தலையில் கை வைத்து ஓதிக்கொண்டிருந்தா. முடித்து மெதுவாக ஊதினா. பிறகு, வளர்ந்த பிள்ளை என்றும் பார்க்காமல், தெரிந்த அந்த நாலு அடியைப் பாடத் தொடங்கினா. ஒவ்வொரு அடி முடிவிலும் நிறுத்தி மூச்செடுத்தா, மூத்தம்மாவைப் போலவே.

நாங்கள் உள்ளே போகவில்லை. கதவடியில் நின்று கேட்டுவிட்டு வந்தோம்.

அந்த அறைக்குள் கிடக்கும் பிள்ளைக்காகவும், நோயில் இருக்கும் எல்லோருக்காகவும் துஆ செய்யுங்கள். துஆ செய்த கையோடு போய்க் கதவைத் தட்டுங்கள்.